எஞ்சிய நேரம் எதிரணிக்கு

"நீங்கள் ஏன் பாரிஸ்டர் ஆக விரும்புகிறீர்கள்?" என்பது விண்ணப்பத்தின் முதல் கேள்வி. நீதியின் மீதுள்ள பற்று, பேச இயலாதவர்களுக்காகப் பேசும் ஆவல், இலக்கியப் படிப்பு எனக்குத் தந்த கூர்ந்த வாசிப்பு என்று மூன்று பத்திகள் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் பலமுறை திருத்தினேன். பிழையற்ற, அழகான, முழுப் பொய். உண்மையான பதிலுக்கு ஒரு வரி போதும். அலோர் ஸ்டாரில் ஒருவர் இருக்கிறார். அவர் தலைகுனிவதை நான் பார்க்க வேண்டும்.

அவர் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். லண்டனில் படித்துப் பாரிஸ்டரானவர். அலோர் ஸ்டாரில் அலுவலகம் வைத்து, டத்தோ பட்டமும் பெற்று, ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவுக்குக் கூலிம் பக்கம் வந்து எங்கள் மாரியம்மன் கோயில் பட்டிமன்றத்துக்கு நடுவராக அமர்வார். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இளைஞர்கள் பால்மரத்தை மறந்து கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு வேலைக்குப் போனார்கள். கோயில் தலைவர்கூட மாறினார். நடுவர் மட்டும் மாறவில்லை.

எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் தீர்ப்பு மேடையில் பிறப்பதில்லை. மண்டபத்துக்குப் பின்னால், மைலோவும் உளுந்து வடையும் பரிமாறும் மேசையருகே, நடுவரும் கோயில் தலைவரும் கலந்து பேசி அதை முன்னதாகவே முடிவு செய்துவிடுவார்கள். பேச்சாளர்களிடமும் சொல்லிவிடுவார்கள், தோற்கப்போகிறவர் அதற்கேற்றபடி சற்று இடம்விட்டுப் பேச வேண்டுமல்லவா? இதை எவரும் மோசடி என்று எண்ணுவதில்லை. மாப்பிள்ளை யார் என்று முன்பே தெரிந்துகொண்டு கல்யாணத்துக்குப் போவதைப் போன்றதுதான்.

நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்திருந்த ஆண்டில் முதன்முறையாக அந்த மேடையில் ஏறினேன். பிள்ளைகள் வழிதவறக் காரணம் வீடா, வெளியா என்பது தலைப்பு. எனக்கு வீட்டின் பக்கம். கோயில் செயலாளர் வடைத் தட்டை நீட்டியபடியே சொன்னார்:

"தங்கச்சி, நல்லா பேசுங்க. ஆனா தீர்ப்பு அந்தப் பக்கந்தான். பெத்தவங்க மனசு நோகக் கூடாது பாருங்க. டத்தோ சொல்லிட்டாரு."

எங்களை உசுப்பிவிடுவதற்காக அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அந்த வயதில் பட்டிமன்றத்தைப் பட்டிமன்றம் என்றே நம்பினேன். ஆகவே வெல்வதற்காகப் பேசினேன்.

என் குரல் சிறியது. அன்றும் சிறியது, இன்றும் சிறியது. ஆனால் நான் சொன்னவை கேட்டன. வீட்டில் பிள்ளை பேசத் தொடங்கினால் முடிக்கும்வரை எவரும் காத்திருப்பதில்லை என்றேன். வெளியில் யாரோ ஒருவன் முழுவதும் கேட்கிறான், அதனால்தான் பிள்ளை அவனிடம் போகிறது என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் எழுந்தது. பிறகு வரிசை வரிசையாகப் பரவியது. நடுவர் மணியை அடித்தார். எனக்குரிய நேரம் இன்னும் இருந்தது என்பது மேடையில் இருந்த அனைவருக்கும் தெரியும்.

பிறகு அவர் ஒலிவாங்கியைத் தம்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நம்ம பாப்பா என்னமோ பேசிச்சு. மைக்குக்குக் கேட்டுச்சான்னு மைக்கத்தான் கேக்கணும்." சிரிப்பு. "பாப்பாவோட அப்பா வந்திருக்காரா? எங்க, எந்திரிங்க அண்ணே."

அப்பா எழுந்து நின்றார். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். அன்று வேலை முடிந்து நேராக வந்திருந்ததால் நிறுவனத்தின் நீலச் சட்டையிலேயே இருந்தார்.

"அண்ணே, கவலையே படாதீங்க. பொண்ணுக்கு ஊமை மாப்பிள்ளையா ஒண்ணு பாத்துருவோம். ரெண்டும் சேந்து சத்தமில்லாம குடும்பம் நடத்தும்லா. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புண்ணியமாப் போகும்!"

மண்டபமே சிரித்தது. ஒலிபெருக்கிக்காரன்கூடச் சிரித்தான். நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். அவர் இரு கைகளையும் கூப்பினார், சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் அம்மா எதையோ சொல்லத் தொடங்கினாள். "பெரியவங்க வெளையாட்டுக்குச் சொல்றது, விடு" என்று அப்பா முடித்துவிட்டார். நான் விடவில்லை. அப்பாவின் மீதும் எனக்குக் கோபம் இருந்தது. அவரை மன்னிப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி மற்றவரைத் தண்டிப்பதுதான்.

வஞ்சத்துக்கு அவசரம் கூடாது. நான் இலக்கியம் படித்தேன். பல்கலைக்கழக விடுதியில் தோழிகள் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இணையத்தில் அவருடைய பட்டிமன்றக் காணொளிகளைப் பார்த்தேன். ஒரு கவிதையைப் பிரித்து ஆராயச் சொல்லிக்கொடுத்த முறையை அவர்மீது செலுத்தினேன். எவரையேனும் இழிவுபடுத்தப் போகிறார் என்றால் முதலில் 'நம்ம' என்பார். பதில் தெரியாத கேள்வி வந்தால் தண்ணீர் குடிப்பார். பெண் பேச்சாளர்களை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. எல்லாரும் பாப்பாதான், தலைமையாசிரியை உட்பட.

பட்டம் பெற்றபின், சட்டம் படிக்காதவர்களுக்கான மாற்றுப் படிப்பை இணையவழியில் முடித்தேன். அடுத்த படி பாரிஸ்டர் பயிற்சிப் படிப்பு. அதில் இடம் கிடைத்தால் லண்டன். லண்டன் முடிந்தால் அலோர் ஸ்டார் நீதிமன்றம். அங்கே அவருக்கு எதிர்மேசையில் நான். அதுவே என் திட்டம்.

விண்ணப்பத்துக்கு இருவர் பரிந்துரைக்க வேண்டும். ஒருவர் பாடம் நடத்தியவர். எனக்குச் சட்டம் கற்பித்தவர் உடனே இசைந்தார். மற்றவர் என்னை நெடுநாள் அறிந்த, பொறுப்பான பணியில் உள்ள ஒருவர். சட்டத் துறையினராக இருந்தால் சிறப்பு என்று ஒரு குறிப்பும் இருந்தது. அம்மா அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம தோட்டத்துலயே பொறந்த மனுசன் இருக்கையில ஏன் வீணா அலைஞ்சு சுசாப்படணும்? போய்க் கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப் போனார். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. டத்தோவை அருகிலிருந்து பார்க்க விரும்பினேன்.

அலுவலகம் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கல்லாவில் இருந்த கடைக்காரர் அப்பாவைக் கண்டதும், "டத்தோவப் பாக்கவா? போங்கண்ணே, இப்பத்தான் ஒரு கிளாஸ் தே தாரிக் மேல போச்சு, நல்ல மூட்லதான் இருப்பாரு" என்று வழியனுப்பினார். படிக்கட்டெல்லாம் மீன்தலைக் கறியின் மணம். அறைச் சுவரில் பொய்முடியும் கறுப்பு அங்கியுமாக அவருடைய இளவயதுப் படம்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவிடமே கேட்டார்.

"பாப்பா என்ன படிச்சிச்சு அண்ணே?"

"இலக்கியம் டத்தோ. அப்புறம் ஆன்லைன்ல சட்டம்."

"இலக்கியமா? அலாமா! லண்டன் ஜட்ஜு முன்னால கவிதை பாடியா கேஸ ஜெயிக்கப் போகுது?"

அப்பா மறுபடியும் சிரித்தார். அதே சிரிப்பு.

"நீ நம்ம கோயில்ல பேசியிருக்க இல்ல?" என்று அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். எந்தத் தலைப்பு என்று சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார். "அப்படியா? ஞாபகம் இல்ல. நல்லாத்தான் பேசியிருப்ப."

அவர் மறந்திருந்தார். பாசாங்கு அல்ல, உண்மையாகவே மறந்திருந்தார். அந்த மாலையை நான் ஆண்டுக்கணக்கில் ஒரு சொல்கூட உதிராமல் காத்து வந்தேன். அவரோ மண்டபத்தின் வாசலைத் தாண்டும்போதே அதைச் செருப்புத் தூசியோடு தட்டிவிட்டிருக்கிறார். அந்தக் கணத்தில் என் வஞ்சம் இரட்டிப்பானது.

"சரி, கேளு. இந்த வருசம் தலைப்பு, முன்னேற்றத்துக்குத் தேவை சொந்தத் திறமையா, பெரியவங்க ஆதரவா. நீ ஆதரவு பக்கம் கடைசியாப் பேசுற. தீர்ப்பும் ஆதரவுதான். முடிக்கையில உன்னையே காட்டி நாலு வார்த்தை சொல்றேன், நம்ம கைபட்டு ஒரு பொண்ணு பாரிஸ்டருக்குப் போகுதுன்னு. நம்ம ஜனங்களுக்கும் ஒரு உற்சாகமா, செமாங்காட்டா இருக்கும்லா. திருவிழா முடிஞ்ச மறுநாளே லெட்டர் அனுப்பிடறேன். சரிதானே, பொலே?"

"பொலே, டத்தோ" என்றேன். அந்த அறையில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

திரும்பும்போது அப்பா உற்சாகமாக இருந்தார். "பாத்தியா, எவ்வளவு பெரிய மனுசன்" என்றார். நான் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கடிதம் கிடைத்தால் இடம் கிடைப்பது எளிது. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டவள் அவருடைய கைபட்டவள். நாளை நான் எதிர்மேசையில் நின்று அவரை எவ்வளவு சரியாக வீழ்த்தினாலும், வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்றுதான் ஊர் பேசும். அவர் விற்க முயன்றது கடிதமல்ல. என் கையிலிருந்த கத்தியை என்னிடமிருந்தே வாங்கப் பார்த்தார். அவர் அதை அறிந்து செய்யவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

திருவிழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அப்பாவை வண்டிகள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எனவே அவர் வாசலோரம் நின்றார். மேடைக்குப் பின்னால் செயலாளர் அதே வடைத் தட்டோடு வந்தார்.

"தங்கச்சி, இந்த வாட்டி நீங்கதான். டத்தோ சொன்னாரா?"

"சொன்னாரு அண்ணே" என்றேன். வடையும் எடுத்துக்கொண்டேன்.

எதிரணித் தலைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். அவருடைய பள்ளியில் ஒவ்வொரு விடுமுறையிலும் நான் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். திறமையின் பக்கம் அவர் நன்றாகவே பேசினார். தோற்கப்போகிறவருக்குரிய நாகரிகத்தோடு ஓரிரு இடங்களில் வேண்டுமென்றே சறுக்கினார். கடைசியாக நடுவர் என்னை அழைத்தார். "நம்ம பாப்பா" என்றுதான் அழைத்தார்.

நான் ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்தேன். குரலை உயர்த்தவில்லை.

"நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். முன்னேற்றத்துக்குத் தேவை பெரியோர் ஆதரவே என்பது எங்கள் அணியின் வாதம். நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. அதைச் சொன்னால் போதும். சில வாரங்களுக்கு முன் நம் நடுவர் அவர்கள் அலோர் ஸ்டாரில் உள்ள தம் அலுவலகத்தில், என் தந்தையின் முன்னிலையில், இன்றைய தீர்ப்பு ஆதரவு அணிக்கே என்று எனக்கு உறுதியளித்தார்கள்."

முன்வரிசையில் கோயில் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போது இந்த அவையில் ஒருவர்கூடப் பேசியிருக்கவில்லை. என் திறமையை எவரும் பார்த்திருக்கவில்லை. பேசாமலே வெற்றி கிடைத்தது. ஆதரவின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்றை எதிரணியினர் காட்ட முடியுமா? என் திறமைக்கு இங்கே வேலையே இல்லை என்பதால், எஞ்சிய நேரத்தை எதிரணிக்குத் தந்து அமர்கிறேன். நன்றி."

அமர்ந்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"அப்ப நாங்க எதுக்குலா காலையிலேருந்து எடம் புடிச்சி உக்காந்திருக்கோம்?"

சிரிப்பு அங்கிருந்து கிளம்பியது. அது மேடையை அடையும் முன்பே ஆசிரியை எழுந்து ஒலிவாங்கிக்கு வந்துவிட்டார். "கெடைச்ச நேரத்துக்கு நன்றிம்மா" என்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். நான் தோக்கப் போறேன்னு எனக்கும் நேத்தே தெரியும். இருந்தாலும் சேலைய இஸ்திரி போட்டுக் கட்டிக்கிட்டுத்தான் வந்தேன்."

அதன்பின் மண்டபத்தை எவராலும் அடக்க முடியவில்லை. நான் நடுவரைப் பார்த்தேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்; ஒரு கணத்தையும் தவறவிடவில்லை. ஆதரவு என்று தீர்ப்பளித்தால் என் சான்று மெய்யாகிவிடும். திறமை என்றால் தம் வாக்கைத் தாமே முறித்தவராகிவிடுவார். தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். குடித்தார். மூடியைத் திருகினார், மறுபடி திறந்து மறுபடி குடித்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. இறுதியில், "ரெண்டும் சமம்" என்றார்.

"டத்தோ, இத எந்த வடைய தின்னுக்கிட்டு முடிவு பண்ணீங்க?" என்றது அதே பின்வரிசைக் குரல்.

நான் சிரிக்கவில்லை. இனிமையை மென்று தின்ன வேண்டும். சிரித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாயே தொறக்காத பொண்ணு, தொறந்தா இப்படியா? லெட்டர் போச்சு. லண்டன் போச்சு." அப்பா வண்டியை ஓட்டினார். செம்பனை வரிசைகளைக் கடந்து தார்ச்சாலைக்கு ஏறும்போது சொன்னார்:

"ஏம்மா, காலையிலயே சொல்லியிருந்தா நான் முன்னாடி வந்து உக்காந்திருப்பேன்ல. வாசல்ல கெரேத்தாவுக்கு ஜாகா, காவல்னு நின்னுக்கிட்டு, அந்த ஆளு மொகத்தயே சரியாப் பாக்க முடியல."

அவரை அன்று மன்னித்தேன். மற்றவரை மன்னிக்கவில்லை.

கடிதம் வரவில்லை. டத்தோ மறுக்கவும் இல்லை, அதுதான் அவருடைய முறை. அலுவலகத்துக்கு அழைத்தால் "டத்தோ கோர்ட்ல இருக்காரு" என்று எழுத்தர் சொல்வார். மாட்டேன் என்று தம் வாயால் சொல்ல அவருக்குத் துணிவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன். விண்ணப்பம் மூடும் நாள் நெருங்கியது. அம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் ஆசிரியையிடம் போனேன். சட்டத் துறையினர் என்பது சிறப்பு மட்டுமே, கட்டாயம் அல்ல. அவர் என்னை நெடுநாள் அறிந்தவர். பொறுப்பான பணியில் இருப்பவர்.

"நான் எழுதினா லண்டன்காரன் படிப்பானா?" என்று கேட்டார். படிப்பார்கள் என்றேன். "அப்ப நடந்தத அப்படியே எழுதிடறேன். ஜெயிச்ச கேஸ விட்டுக் குடுத்த பொண்ணுன்னு." அப்படியே எழுதினார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தோட்டத்தில் இணையம் நம்பத் தகுந்ததல்ல என்பதால் ஜித்ராவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி பிள்ளைகளை வெளியே அனுப்பி, சமையலறையில் தாளிப்பதைக்கூட நிறுத்தி வைத்தாள். திரையில் இருவர்: முடி நரைத்த ஒருவர், கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி. சற்று உரக்கப் பேச முடியுமா என்று நரைத்தவர் கேட்டார். நான் குரலை உயர்த்தாமல் மடிக்கணினியை அருகே இழுத்துக்கொண்டேன்.

அவர்கள் தந்த வாதப் பயிற்சி முடிந்தபின் பெண்மணி ஒரு விதியைப் பற்றிக் கேட்டார். வாடகைக்கார் நிறுத்தத்தில் முதலில் நிற்கும் ஓட்டுநர், அடுத்து வருகிற பயணியை ஏற்றித்தான் ஆக வேண்டும். முகம் பிடிக்கவில்லை என்று ஒதுக்க முடியாது. பாரிஸ்டரும் அப்படித்தான், தம் துறைக்குட்பட்ட வழக்கோடு வருகிறவரை விருப்பு வெறுப்புப் பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. "எவருக்காக உங்களால் வாதாட இயலாதோ, அப்படி ஒரு மனிதர் உண்டா?"

"ஒருவரைப் பற்றி அப்படி எண்ணியதுண்டு" என்றேன். "ஆனால் அவர் வந்தால் ஏற்பேன்."

"ஏன்?"

"எவருடைய பேச்சும் முடிவுவரை கேட்கப்பட வேண்டும். கேட்கும் முன்பே தீர்ப்பை முடிவு செய்யும் மனிதர்களை நான் அறிவேன். அவர்களைப் போல் நான் இருக்க மாட்டேன்."

இருவரும் எழுதிக்கொண்டார்கள். உயர்ந்த கொள்கை என்று எண்ணியிருக்கக்கூடும். அதில் பொய் ஏதும் இல்லை. என் கொள்கையும் என் வஞ்சமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது எனக்கே வியப்பாக இருந்தது. அந்தக் கேள்வி வரும்வரை அவரை எதிர்மேசையிலிருந்து வீழ்த்துவதே என் திட்டம். பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே அதைவிடச் சிறந்த ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது.

இடம் கிடைத்தது. செய்தி தோட்டத்தை எட்டிய அதே வாரத்தில், அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாண விருந்தில் டத்தோ சொன்னாராம்: "நான் மேடை ஏத்திவிட்ட பொண்ணு. அன்னிக்கு ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டுத்தான் அந்த ஜோக்க அடிச்சோம்." அருகில் இருந்தவர்கள் தலையாட்டினார்களாம். மேடையில் சிவந்த காதுகள் அதற்குள் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டன. இதையும் அவர் மறந்துவிடுவார். அவரைப் போன்றவர்களுக்குத் தோல்வி மேலே ஒட்டுவதில்லை. ஒரு முறை தள்ளினால் போதாது.

ஆகவே காத்திருக்கிறேன். எந்த மனிதருக்கும் ஒருநாள் ஒரு வழக்கு வரும். அவருக்கும் வரட்டும், சிறியதாக அல்ல, உறக்கம் கெடும்படி ஒன்று வரட்டும். அவருக்கு வேண்டியவர்கள் அனைவரும் வேலையாக இருக்கட்டும். நாசி கண்டார் மணக்கும் ஏதோ ஒரு படிக்கட்டில் ஏறி அவர் என் அறைக்கு வரட்டும். முதலில் நிற்கும் வண்டியாக நான் இருப்பேன். ஏற்றித்தான் ஆக வேண்டும். உட்காரச் சொல்வேன். மணி அடிக்க மாட்டேன். அவர் சொல்வதனைத்தையும், அவமானமான பகுதிகளையும் சேர்த்து, முடிவுவரை கேட்பேன். பிறகு நீதிமன்றத்தில் எழுந்து, மைக்குக்கே கேட்காத இந்தக் குரலில் அவருக்காகப் பேசுவேன். ஒரு சொல்லும் தவறிவிடாமலிருக்க அவர் முன்புறமாகத் தலைகுனிந்து, காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறார் என்று நான் பார்ப்பேன்.

அன்று அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காலையிலேயே சொல்லிவிடுவேன். சிரிப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.